வடிகட்டியில் நிற்காத பங்கு

என் சித்தப்பா மகன் கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். கணக்கில் கெட்டிக்காரன். சில வாரங்களுக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு எக்செல் தாள் அனுப்பியிருந்தான். பதினான்கு பங்குகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏழெட்டுக் கட்டங்களில் எண்கள். கீழே ஒரு வரி: "அண்ணே, எல்லாமே குரோத் ஸ்டாக்தான். இதுல எதை வாங்கிப் போட்டு அஞ்சு வருஷம் மறந்துடலாம், சொல்லுங்க."

அவன் வைத்திருந்த நிபந்தனைகள் பங்குச்சந்தைப் பக்கம் தலைவைத்த எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஐந்து ஆண்டு விற்பனை வளர்ச்சி 15 சதவீதத்துக்கு மேல், லாப வளர்ச்சி 20க்கு மேல், ஆர்ஓசிஇ, அதாவது தொழிலில் போட்ட மூலதனத்துக்குக் கிடைக்கும் ஆதாயம், 20க்கு மேல், கடன் சொந்த மூலதனத்தில் பாதிக்குள், புரமோட்டர், அதாவது கம்பெனியை நடத்தும் உரிமையாளர் தரப்பின் கையில் பாதிக்கு மேல் பங்கு. நிபந்தனை கொடுத்தால் பங்குகளை வடிகட்டித் தரும் ஸ்கிரீனர் தளத்தில் தட்டினால் இரண்டு நிமிட வேலை. இதில் எந்த நிபந்தனையையும் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து ஏதோ நெருடிக்கொண்டே இருந்தது. பதில் போடாமல் இழுத்தடித்தேன். அவன் கோபித்துக்கொண்டு ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினான்.

என்ன நெருடுகிறது என்று பார்க்க, அவனுடைய வடிகட்டியையே இரண்டு பழைய தேதிகளில் வைத்து யோசித்தேன். முதல் தேதி 2018 சனவரி. அப்போது வக்ராங்கி என்ற பங்கு ஐந்நூறு ரூபாயைத் தொட்டு நின்றது. கிராமங்களில் வங்கி, காப்பீடு, மின்வணிகச் சேவைக் கடைகள் நடத்தும் கம்பெனி. விற்பனை வளர்ச்சி, லாப வளர்ச்சி, சொற்பக் கடன் என்று முக்கியமான கட்டங்களில் எல்லாம் பச்சை நிறம். அடுத்த சில மாதங்களில் பங்கு சரியத் தொடங்கியது. ஏப்ரலில் தணிக்கையாளரான பிரைஸ் வாட்டர்ஹவுஸ் விலகியது. வருடம் முடிவதற்குள் உச்சத்திலிருந்து 80 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. இரண்டாவது தேதி 2003. அந்த வருடத்தில் இதே வடிகட்டியில் டைட்டனைப் போட்டால் முதல் சுற்றிலேயே வெளியே விழும். கடன் அதிகம், லாபம் சொற்பம், ஐரோப்பாவில் கடிகாரம் விற்கப் போய் நஷ்டம், நகை வியாபாரம் அப்போதுதான் மூச்சுவிடத் தொடங்கியிருந்தது. பின்னால் நூறு மடங்குக் கணக்கில் பெருகிய பங்கு அது.

இரண்டே உதாரணத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். வடிகட்டியில் நின்று நன்றாக வளர்ந்த பங்குகள் ஏராளம். ஆனால் வடிகட்டிக்குத் தெரிந்தது நடந்து முடிந்த வளர்ச்சி மட்டும்தான். அந்த வளர்ச்சி எங்கிருந்து வந்தது, யாரிடமிருந்து பிடுங்கப்பட்டது, இன்னும் பிடுங்க மிச்சம் இருக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் வராது. நீண்ட காலத்துக்கு ஒரு பங்கை வைத்திருக்கப் போகிறவனுக்கு அதைவிட முக்கியமான கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஓசூர்க் கடிகாரக் கம்பெனி

டைட்டனை நான் இழுப்பதற்குக் காரணம், இந்தக் கேள்வியை எனக்குப் புரிய வைத்த பங்கு அதுதான். 1984இல் டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது. எச்எம்டி சாவி கொடுக்கும் கடிகாரங்களோடு நாட்டையே கையில் வைத்திருந்த காலத்தில், ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரம் செய்ய வந்தார்கள். நகைக்குள் போனது திட்டமிட்ட மேதாவித்தனம் ஒன்றும் இல்லை. கடிகார உதிரிபாகங்களை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி வேண்டும், நகை ஏற்றுமதி செய்தால் அது கிடைக்கும் என்பதுதான் கணக்கு. ஆனால் 1991க்குப் பிறகு அந்தத் தேவையே கரைந்துபோனது. கையில் நகை ஆலை மிச்சம். சரி, உள்ளூரிலேயே விற்போம் என்று 1996இல் சென்னை கதீட்ரல் சாலையில் முதல் தனிஷ்க் கடையைத் திறந்தார்கள். விற்றது 18 காரட். நம் ஊரில் பெண்ணுக்குப் போடுவதற்கு 18 காரட்டை யார் வாங்குவார்கள்? நஷ்டம் வருடக்கணக்கில் ஓடியது.

22 காரட்டுக்கு மாறியதும், கடைக்குள் காரட்மீட்டர் என்ற இயந்திரத்தை வைத்ததும்தான் திருப்பம். வீட்டிலிருக்கும் பழைய நகையை எடுத்து வாருங்கள், எத்தனை காரட் என்று உங்கள் கண்ணெதிரே காட்டுகிறோம் என்றார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைராசிக்காரர் என்று நம்பிய ஆசாரியிடமும் கடையிலும் வாங்கிய 22 காரட், பல வீடுகளில் 19ஆகவும் 20ஆகவும் நின்றது. இந்த வளர்ச்சிக்கு நாட்டில் தங்க ஆசை கூட வேண்டிய அவசியமே இல்லை. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பவர்கள் கடை மாறினால் போதும். இந்திய நகை வியாபாரத்தில் பெயர் பெற்ற பெருங்கடைகளின் பங்கு அப்போது மிகச் சிறியது. அதாவது பிடுங்குவதற்கு முழு மைதானமும் திறந்து கிடந்தது.

இதை 2003இலேயே கண்டுகொண்டேன் என்று பீற்ற மாட்டேன். அப்போது எனக்குப் பங்குகளை வைத்துக்கொள்ளும் டீமேட் கணக்கே இல்லை. கண்டவர்களில் பங்குச்சந்தையின் பெரிய முதலீட்டாளர் ராகேஷ் ஜுன்ஜுன்வாலா ஒருவர் என்பது ஊரறிந்த கதை. ஊர் அதிகம் பேசாத இன்னொரு முதலீட்டாளரும் உண்டு. அது தமிழக அரசு. டைட்டனில் டிட்கோவின் கையில் இன்றும் 27.88 சதவீதம் இருக்கிறது. பங்கு விலையை 3,000 ரூபாய் என்று குறைத்து வைத்தாலே 74,000 கோடிக்கு மேல். "வாங்கிப் போட்டு மறந்துடு" என்ற அறிவுரையை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து கோட்டையில்தான் இருக்கிறார்கள். மறந்தார்களா, விற்கத் தோன்றவில்லையா என்பது வேறு விஷயம்.

நின்ற இடத்திலேயே

நான் டைட்டனை வாங்கியது 2012 கடைசியில், முந்நூறு ரூபாய்ப் பக்கம். வாங்கிய நேரம் பார்த்து நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, அதாவது நாட்டுக்குள் வரும் அந்நியச் செலாவணியைவிட வெளியே போவது அதிகமாவது, பெரிய தலைவலியானது. தங்க இறக்குமதிதான் காரணம் என்று அரசும் ரிசர்வ் வங்கியும் அதன் மேல் பாய்ந்தன. 2013 ஆகஸ்டுக்குள் இறக்குமதித் தீர்வை 10 சதவீதமானது. இறக்குமதி செய்வதில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்றுமதிக்குப் போக வேண்டும் என்ற 80:20 விதி வந்தது. வங்கியிலிருந்து தங்கத்தைக் கடனாக வாங்கி, நகை விற்றபிறகு அன்றைய விலைக்குப் பணம் கட்டும் வசதிதான் டைட்டனின் உயிர்நாடி. விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர்களுக்குக் கவலை இல்லாமல் இருந்தது அதனால்தான். அதுவும் அடைபட்டது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே போட்டுத் தங்கம் வாங்க வேண்டிய நிலை.

அடுத்த அடி நகைச்சீட்டில் விழுந்தது. பதினொரு மாதம் நாம் கட்டினால் பன்னிரண்டாவது மாதத் தவணையைக் கடைக்காரர் போடும் சீட்டு. நம் வீட்டுப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புதிய கம்பெனிச் சட்டத்தின் கீழ் 2014இல் வந்த வைப்புத்தொகை விதிகள், பொருளுக்கு வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் கணக்கு முடிக்காவிட்டால் அதை வைப்புத்தொகையாகவே கருத வேண்டும் என்றன. தனிஷ்க் தன் சீட்டை நிறுத்தி, காலத்தைச் சுருக்கித் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று. 2016 சனவரியிலிருந்து இரண்டு லட்சத்துக்கு மேல் நகை வாங்கினால் பான் எண் கட்டாயம். 2015-16இல் கம்பெனியின் லாபம் முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. அந்தப் பிப்ரவரியில் பங்கு விலை நான் வாங்கிய இடத்துக்கே திரும்பி வந்திருந்தது. இடையில் 400ஐத் தாண்டிப் போய்த் திரும்பியதால் எரிச்சல் இன்னும் அதிகம். தம்பியின் வடிகட்டி அன்று என்னிடம் இருந்திருந்தால், "விற்றுவிடு" என்றுதான் சொல்லியிருக்கும்.

விற்கத்தான் நினைத்திருந்தேன். அந்த வருடம் பட்ஜெட்டில் வெள்ளி தவிர்த்த நகைகளுக்கு ஒரு சதவீத உற்பத்தி வரி போட்டார்கள். நாடு முழுக்க நகைக்கடைகள் வாரக்கணக்கில் கடையடைப்பு நடத்தின. ஒரு வேலையாக மதுரைக்குப் போனபோது தெற்கு ஆவணி மூல வீதியில் நடந்தேன். பல கடைகளில் ஷட்டர் பாதி இறங்கிக் கிடந்தது. எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஒரு நகைக்கடைக்காரர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். டீ வரவழைத்தார். ஒரு சதவீதத்துக்கா இவ்வளவு போராட்டம் என்று கேட்டேன்.

"தம்பி, ஒரு பர்சென்ட்டு ஒரு காசா? அதைக் கஸ்டமர் தலையில கட்டிருவோம். கணக்கு வைங்கறான் பாருங்க, அதுதான் பிரச்சினை. எவ்வளவு தங்கம் உள்ள வந்துச்சு, எவ்வளவு நகையா வெளிய போச்சுன்னு ஆபீசர் வந்து நோட்டைப் புரட்டுவான். இந்தத் தெருவுல முக்காவாசிப் பேருக்கு ரெண்டு நோட்டு. பெரிய கடைக்காரனுக்கு என்ன வந்துச்சு? அவன் பில்லு போட்டே பொறந்தவன்."

கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு டீ இறங்கவில்லை. மூன்று வருடமாக இந்த விதிகளை எல்லாம் டைட்டனுக்கு விழுந்த அடிகளாக மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் லாபம் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பேன், மூடிவைப்பேன். இந்த அடிகளில் டைட்டனுக்கு வலிப்பது கொஞ்ச காலம். தங்கக் கடன் வசதி திரும்பி வந்துவிட்டிருந்தது, 80:20 விதி 2014 நவம்பரிலேயே போய்விட்டது, சீட்டும் வேறு வடிவத்தில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் பில், பான் எண், கணக்குப் புத்தகம் என்று வந்த விதிகள் தெருவில் பாதிப் பேரின் வியாபார முறையையே கேட்கின்றன. அவர்களுக்கு வலி நிற்கப் போவதில்லை. அவர்களிடம் போய்க்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் எங்கோ போகத்தான் வேண்டும். லாபம் நின்றதற்குக் காரணமான அதே விதிகள், அடுத்த பத்து வருட வளர்ச்சிக்கும் பாதை போட்டுக்கொண்டிருந்தன.

அன்று இரவு ரயிலில் ஆண்டறிக்கையை எடுத்துத் திரும்பப் படித்தேன். லாப எண்களை விட்டுவிட்டு, கடைகளின் எண்ணிக்கை, எந்த அளவு ஊர்களில் திறக்கிறார்கள், கடை யாருடைய பணத்தில் திறக்கப்படுகிறது என்று பார்த்தேன். லாபம் நின்ற வருடங்களிலும் கடைகள் கூடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி ஃபிரான்சைஸ். இடமும் அலங்காரமும் இன்னொருவர் பணம். விற்கவில்லை, கொஞ்சம் கூட வாங்கினேன். அந்த நவம்பரில் பணமதிப்பிழப்பு, 2017 சூலையில் ஜிஎஸ்டி. 2017 முடியும்போது பங்கு 850ஐ ஒட்டி நின்றது. பணமதிப்பிழப்பு வரும் என்று மதுரைக் கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிசு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசினாலும் அது இந்தக் கம்பெனியைவிடப் போட்டியாளர்களைத்தான் அதிகம் சாய்க்கும் என்ற கணிப்பு, அதிர்ஷ்டத்தை நம்பியது இல்லை.

நிற்கும் பங்கெல்லாம் டைட்டன் ஆகாது

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, விலை நிற்கும் பங்கை எல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காருபவர்கள் உண்டு. நின்றதற்குக் காரணம் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். ஏசியன் பெயின்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 தொடக்கத்தில் 3,500க்கு மேல் போன பங்கு, 2025 தொடக்கத்தில் 2,300க்குக் கீழே வந்துவிட்டது. இத்தனைக்கும் 2024-25இன் லாபம் 2021-22இன் லாபத்தைவிட அதிகம். நடுவே, 2024 பிப்ரவரியில், பிர்லா குழுமத்தின் கிராசிம் பெரும் முதலீட்டோடு பிர்லா ஓபஸ் என்று பெயின்ட் வியாபாரத்தில் இறங்கியது. நம் செய்யாற்றிலும் அவர்களுக்கு ஓர் ஆலை. இங்கே பிடுங்கப்படும் இடத்தில் இருப்பது பழைய ஜாம்பவான். நல்ல கம்பெனிதான், இன்றும் நல்ல கம்பெனி. ஆனால் "யாரிடமிருந்து வளர்ச்சி வரும்" என்ற கேள்வி அங்கே தலைகீழாகிவிட்டது.

கணக்குப் புத்தகத்தில் மட்டும் வளரும் கம்பெனிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லாபம் கூடுகிறது, ஆனால் வர வேண்டிய பாக்கி அதைவிட வேகமாகக் கூடுகிறது என்றால் அந்த லாபம் இன்னும் கல்லாவுக்கு வரவில்லை. ஐந்து வருட லாபத்தைக் கூட்டி, ஐந்து வருடச் செயல்பாட்டுப் பணவரவையும், அதாவது வியாபாரத்தில் நிஜமாகக் கைக்கு வந்த பணத்தையும், கூட்டிப் பக்கத்தில் வைத்தால் போதும். பாதிகூட வரவில்லையென்றால் ஏன் என்று கேட்க வேண்டும். தணிக்கையாளர் பதவிக்காலம் முடியும் முன்னரே விலகினால் கேட்டுக்கொண்டுகூட இருக்கக் கூடாது.

விலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் வளர்ச்சிப் பங்குக்காரர்களுக்கு விலையைப் பற்றிப் பேசினாலே பிடிப்பதில்லை. "நல்ல கம்பெனிக்கு எந்த விலையும் சரிதான், காலம் சரிசெய்துவிடும்" என்பார்கள். 2000 மார்ச்சில் இன்போசிஸ் அதன் ஆண்டு லாபத்தைப் போல இருநூறு மடங்குக்கும் மேலான மதிப்பில் விற்றது. அந்த ஆண்டு லாபம் சுமார் 290 கோடி. 2005-06இல் அது 2,450 கோடியைத் தாண்டியது. எட்டு மடங்கு. இப்படி வளர்ந்த கம்பெனியை உச்சத்தில் வாங்கியவருக்கு, போனஸ் பங்குகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும், போட்ட முதல் கைக்கு வர 2006 ஆகிவிட்டது. இடையில் பங்கு உச்ச விலையில் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போனது. அவர் கம்பெனியைத் தேர்ந்தெடுத்ததில் குறையே இல்லை. ஆறு வருட வளர்ச்சிக்கான விலையை முதல் நாளே கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். காலம் சரிசெய்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அது அவருடைய காலம்.

சவரன் கணக்கு

தம்பியின் பட்டியலில் இரண்டு நகைக் கம்பெனிகள் இருந்தன. அவற்றைப் பார்த்தபோதுதான் என் நெருடலுக்கு உருவம் கிடைத்தது. 2016 வசந்தத்தில், மதுரையில் அந்தக் கடையடைப்பு நடந்த சமயம், சென்னையில் ஒரு சவரன் சுமார் 22,000 ரூபாய். 2025 ஏப்ரலில் 70,000ஐத் தாண்டியது. ஒன்பது வருடத்தில் மூன்று மடங்குக்குச் சற்று மேல், ஆண்டுக்கு 13, 14 சதவீதம். ஒரு நகைக்கடை 2016இல் விற்ற அதே எண்ணிக்கைச் சவரனை 2025இலும் விற்றிருந்தால், புதிதாக ஒரே ஒரு வாடிக்கையாளர்கூட வராமல், விற்பனை வளர்ச்சி 13 சதவீதத்துக்கு மேல் காட்டும். இன்னும் நாலு பேர் சேர்ந்தால் வடிகட்டியின் 15ஐத் தாண்டிவிடும். எக்செல் தாளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தங்க விலை ஏறியதால் வந்த வளர்ச்சி கம்பெனியுடையது இல்லை. அது லண்டனிலும் மும்பையிலும் நிர்ணயமாகிறது, வந்த வழியே திரும்பவும் போகும்.

அவனைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்போ ஒவ்வொரு கம்பெனிக்கும் வளர்ச்சியை உடைச்சுப் பாக்கணும்கிறீங்களா? எண்ணிக்கை எவ்வளவு, விலை எவ்வளவுன்னு?" ஆமாம் என்றேன். "அது ஸ்கிரீனர்ல கிடைக்காதே அண்ணே." கிடைக்காதுதான். முதலீட்டாளர் கூட்டங்களின் எழுத்து வடிவத்தைப் படித்தால் சில இடங்களில் கிடைக்கும். நகைக் கம்பெனிகள் சிலவற்றில் வாங்கியவர்களின் எண்ணிக்கை, சராசரி பில் தொகை, இரண்டையும் தனித்தனியாகப் பேசுகிறார்கள். பதினான்கையும் அப்படிப் பார்க்க அவனுக்கு நேரமில்லை என்றான். நான்கைப் பார் என்றேன். நாலுக்கு மேல் யாராலும் உருப்படியாகத் தொடர்ந்து பார்க்க முடிவதில்லை என்பது என் அபிப்பிராயம். இருபது, முப்பது பங்கு வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

"உங்க டைட்டன் என்னாச்சு?" என்று அவன் கேட்காமல் விடவில்லை. நான் முதலீட்டு ஆலோசகன் இல்லை, இதைப் படித்துவிட்டு யாரும் வாங்கவோ விற்கவோ வேண்டாம். அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். 2024 தொடக்கத்தில் பங்கு 3,800ஐத் தொட்டபோது, அந்த நிதியாண்டின் லாபம் ஒரு பங்குக்கு 39 ரூபாய் வாக்கில். கிட்டத்தட்ட 97 மடங்கு. இன்போசிஸின் 2000ஆம் வருடம் ஞாபகம் வந்தது, ஒரு பகுதியை விற்றேன். அந்தச் சூலை பட்ஜெட்டில் தங்க இறக்குமதித் தீர்வை 15லிருந்து 6 சதவீதமாகக் குறைந்து, கையிருப்புத் தங்கத்தில் எல்லா நகைக்காரர்களுக்கும் நஷ்டம். 2024-25இல் டைட்டனின் லாபம் முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் குறைந்தது. இதை வைத்து விற்பதாக இருந்தால் நான் 2016இலேயே விற்றிருக்க வேண்டும். தீர்வை ஒருமுறை குறைவதோடு அந்த வலி முடிந்தது.

எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இரண்டு நோட்டு வைத்திருந்த தெருக்களிலிருந்து வர வேண்டியவர்களில் பெரும்பகுதி வந்து முடிந்துவிட்டார்களா? இப்போது தனிஷ்க்குக்கு எதிரே நிற்பது பில் போடாத சின்னக் கடைகள் இல்லை. கல்யாண் மாதிரி, மதுரைத் தங்கமயில் மாதிரி, சந்தையில் பட்டியலிடப்பட்ட, பில் போட்டே வளர்ந்த கடைகள். அவர்களிடமிருந்து பிடுங்குவது ஆசாரியிடமிருந்து பிடுங்கியது போல அத்தனை சுலபம் இல்லை. சவரன் விலை ஏறிக்கொண்டே இருக்கும்வரை எல்லோருடைய விற்பனையும் வளரும், யார் உண்மையில் வளர்கிறார்கள் என்று பிரித்தறிய முடியாது. விலை அசையாமல் நிற்கும் ஒரு முழு வருடம் வர வேண்டும். அதுவரை மிச்சப் பங்கை விற்கவும் எனக்குக் காரணம் இல்லை, கூட வாங்கவும் இல்லை.